தபித்தாளின் மூச்சுக்கு வாசித்தவன்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிற டீக்கடையில் போய் டிரம்ஸ் சபாபதி எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டுப் பாருங்கள். வாய்க்கொழுப்புப் பிடித்தவன் என்பார்கள். பொய்யில்லை. எந்தக் கல்யாண வீட்டில் எந்தக் குழு வாசித்தாலும், பந்திக்குக்கூடப் போகாமல் மேடைக்குப் பக்கவாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். முழுப்பாட்டையும் கேட்பான். கேட்டுவிட்டு, "அவசரத்துல பொறந்தவனாட்ட அடிக்கறான்" என்று ஒரே வரியில் அந்த டிரம்மரின் மானத்தை வாங்கிவிட்டு வந்துவிடுவான்.

"குச்சி பிடிச்சவன் எல்லாம் டிரம்மர் ஆயிர முடியாதுங்க. அடிக்கறது யாருக்கு வேணா வரும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல சும்மா இருக்கோணும் பாருங்க, அங்கதான் ஆளு யாருன்னு தெரியும்." இது அவன் அடிக்கடி சொல்வது. கேட்டுக் கேட்டு டீக்கடைக்காரருக்கே மனப்பாடம்.

இன்னொன்றும் சொல்வான். டிரம்மர் ஜனங்களைப் பார்க்கவே கூடாதாம். கை தட்டுகிறவனைப் பார்த்தால் கை தானாக ஓடுமாம். பாடுகிறவரின் தோளைத்தான் பார்க்க வேண்டும். மூச்சு இழுக்கும் முன்னால் தோள் லேசாக ஏறும். அந்த மூச்சு உள்ளே போய் உட்கார இடம் விட்டு அடி விழ வேண்டும். அப்படி விழுந்தால் பாட்டு நடக்கும், இல்லையென்றால் நொண்டும். "நடை"தான் அவனுக்கு எல்லாம். நீ கடிகாரம் மாதிரி வாசிக்கிறாயப்பா என்று யாராவது மெச்சிவிட்டால் போச்சு, மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "கடியாரத்துக்கு எதுக்க நிக்கறவன் இருக்கானா செத்தானான்னு தெரியாதுங்க. எனக்குத் தெரியோணும்" என்பான்.

இவ்வளவு பேசினவன்தான். எதிரே நின்றவளை அவன் எப்படிப் பார்த்துக்கொண்டான் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

சபாபதியின் அப்பா மாணிக்கம் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீடு திரும்பிய மனிதர். மகனையும் உள்ளே நுழைத்துவிட என்னவெல்லாமோ செய்து பார்த்தார். மகனோ பிஸ்கட் டின்னையும் மரப்பெட்டியையும் தட்டிக்கொண்டு திரிந்தான். கடைசியில் அவர் வெறுத்துப்போய், எக்கேடாவது கெட்டுப் போ என்று கைகழுவினார். எழுபதுகளின் நடுவில் கொர்னேலியஸின் பனித்துளி மெல்லிசைக் குழுவுக்கு ஒரு டிரம்மர் தேவைப்பட்டது. சபாபதி போய் உட்கார்ந்தான். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான், வேறு வேலை எதுவும் அவன் பார்த்ததில்லை.

கொர்னேலியஸ் கீபோர்டு வாசிப்பவர், குழுவுக்கு முதலாளி, கோயில் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வருகிறவர். அவருடைய தங்கை தபித்தாள்தான் குழுவின் பாடகி. சர்ச்சில் ஞானப்பாட்டுப் பாடிப் பழகிய குரல். மாரியம்மன் பாட்டையும் சினிமாப் பாட்டையும் அதே பயபக்தியோடு பாடுவாள். குட்டையான பெண், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பாள், மைக்கைக் கையில் பிடிக்க மாட்டாள். ஒரே மூச்சில் இழுக்க வேண்டிய பல்லவி என்று ஒன்று உண்டே, அப்படி ஒரு பாட்டு அவளுக்கென்றே இருந்தது. எந்த ஊரில் மேடை போட்டாலும் ஜனங்கள் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். "தபித்தாள் பாட்டு" என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

பின்னால் உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஒருத்தியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. கொர்னேலியஸ் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, டிரம்மரும் பாடகியும் சேர்ந்து கோபித்துக்கொண்டு போனால் குழுவுக்கு யார் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, "மாப்ளே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கல்யாணத்துக்குத் தபித்தாள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"எந்தக் காலத்துலயும் பாட்டை நிறுத்துன்னு சொல்லக் கூடாதுங்க. புள்ளை பொறந்தாலும் சரி, பொறக்காட்டியும் சரி. என்னைய ஊட்டுல உக்கார வெச்சரக் கூடாது."

"சத்தியமா மாட்டேன்" என்றான் சபாபதி.

பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக இருவரும் கொஞ்ச காலம் அழுதார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சீசன் வந்தால் ஊட்டி மேடை, ஆடி மாதம் எஸ்டேட் மாரியம்மன் கோயில்கள், டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரம், நடுநடுவே ஹட்டி என்கிற படுகர் ஊர்களில் கல்யாணம். படுகர் ஊர்க் கல்யாணம் என்றால் சபாபதிக்குச் சோறு வேண்டாம். கிழவி முதல் குழந்தை வரை வட்டமாக நின்று நிதானமாக ஆடுவார்கள், ஒரு கால் தப்பாது. "இவங்க முன்னால அவசரப்பட்டு அடிச்சா பாவமுங்க" என்று சொல்லிச் சொல்லி வாசிப்பான்.

கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்குப் பாட வருகிற பாடகர்கள் அனுபல்லவிக்குள்ளேயே திணறிப் போவார்கள். அந்த உயரமும் குளிரும் அப்படி. அவர்களுக்குச் சபாபதி ஒரு உபகாரம் செய்வான். பாட்டை ஒரு பொட்டு, ஒரு மயிரிழை, மெதுவாக்கிவிடுவான். பாடுகிறவருக்குத் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. பாட்டு மெதுவானது தெரியாமல் இருக்க, காலால் மூடித் திறக்கிற தட்டில் நடுநடுவே பொடி அடிகளைத் தூவிக்கொண்டே போவான். காதுக்குப் பாட்டு துள்ளுவது போலவே இருக்கும். ஆனால் மூச்சு வாங்க இடம் கிடைத்திருக்கும். பாடியவர் இறங்கி வந்து, உங்க ஊர்க் குளிர் எனக்கு ஒத்துக்கிச்சு என்று பெருமையடிப்பார். சபாபதி வாயை மூடிக்கொண்டு சிரிப்பான். யாருக்கும் தெரியாமல் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் விட்டதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம்தான் அவனைக் கெடுத்தது.

ஒரு சீசனில் ஊட்டி மேடையில் தபித்தாள் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, எப்போதும் ஒருமுறை ஏறுகிற தோள் இரண்டு முறை ஏறியது. சபாபதி கவனித்தான். கை தானாகவே கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. சளி பிடித்திருக்கும், ஊட்டிக் காற்று ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டான். அவளிடம் கேட்கவில்லை. நன்றாகப் பாடினோம் என்ற நிறைவோடு சுடச்சுட மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவளிடம் போய் என்னவென்று கேட்பது?

அந்த ஆடியில் சேரங்கோட்டு எஸ்டேட்டில் திருவிழா. சேரங்கோடு நல்ல இறக்கம். கேரளத்துக்குப் பக்கம், வெதுவெதுப்பான காற்று, ஊட்டியின் உயரத்தில் பாதிகூட வராது. அங்கே மூச்சு வாங்கினால் மலையைக் குறை சொல்ல முடியாது. அங்கேயும் தோள் இரண்டு முறை ஏறியது. மூன்றாவது பாட்டில் மூன்று முறை ஏறியது. சபாபதி கண்ணை எடுக்கவில்லை. காலும் கையும் பாட்டுக்குப் பாட்டு இறங்கி வந்து அவளுக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருந்தன. கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சிலோனிலிருந்து திரும்பி வந்து அந்த எஸ்டேட்டில் வேலை பார்த்த மூக்கன் என்ற பெரியவர் மேடைக்கே ஏறி வந்து, "தங்கச்சி, சோக்கா பாடினீங்க. ஒவ்வொரு சொல்லும் நின்னு கேக்குது" என்று சொல்லி ஒரு ரோஜா மாலையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தபித்தாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வேனில் வரும்போது, "இப்பத்தானுங்க எனக்குக் குரல் பழுத்திருக்குது. முன்னெல்லாம் ஓடி ஓடிப் பாடுவேன். இப்ப நிதானமா வருது பாத்தீங்களா?" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். உனக்கு மூச்சு வாங்குகிறது, நாளைக்கே டாக்டரைப் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை. சொல்ல நினைத்தான். சொன்னால் டாக்டர் என்ன சொல்வார்? பாடாதே என்பார். கொர்னேலியஸ் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார். இவள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதைவிட, நான் இருக்கும்போது அவளுக்கு என்ன என்ற எண்ணம். ஊர்பேர் தெரியாத பாடகனையெல்லாம் தூக்கிக்கொண்டு போனவன் பெண்டாட்டியைத் தூக்க மாட்டானா? "ஆமா, நெம்ப நல்லா வருது" என்று சொல்லிவிட்டு வேன் ஜன்னலைச் சாத்தினான், காற்று அவள்மேல் படாமல் இருக்க.

அப்புறம் அவன் செய்ததெல்லாம் ஒரு டிரம்மருக்குத்தான் தோன்றும். வீடு அருவங்காட்டில் மேட்டுமேல் இருந்தது, ரோட்டிலிருந்து படி ஏறிப் போக வேண்டும். அவள் இளைக்கப் போகிறாள் என்று தெரிகிற இடத்துக்குச் சற்று முன்னாலேயே இவன் நின்றுவிடுவான். செருப்பு வாரைச் சரி செய்வான். பீடி பற்றவைப்பான். எதிரே வருகிறவரை நிறுத்தி, "ஏனுங்க, ஊட்டுல எல்லாம் சௌக்கியமா?" என்று வேண்டாத விசாரணையெல்லாம் செய்வான். அவளுக்கு இளைப்பு வருவதற்குள் ஓய்வு கிடைத்துவிடும். தண்ணீர்க் குடத்தை அவளைத் தூக்க விடமாட்டான். ஊரில் எல்லோரும் என்ன சொன்னார்கள்? வாய்க்கொழுப்புப் பிடித்தவனாக இருந்தாலும் பெண்டாட்டியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான் என்றார்கள். தபித்தாளும் அப்படித்தான் நினைத்தாள். "வயசாக ஆக நீங்கதான் சோம்பேறியாயிட்டீங்க. நாலு படிக்கு ஒருக்கா நிக்கறீங்க" என்று கேலி செய்வாள். இவன் பல்லைக் காட்டுவான்.

மேடையில் கொர்னேலியஸுக்கு மட்டும் எங்கோ உதைத்தது. ஒருநாள் ஒத்திகையில், "என்ன மாப்ளே, பாட்டெல்லாம் சித்தெ இழுக்கறாப்பல தோணுதே எனக்கு?" என்று கேட்டார்.

"பனியில டிரம்மு தோல் தொங்கிப் போச்சுங்க மச்சான். சத்தம் கனமா விழுறதுனால உங்களுக்கு அப்படித் தெரியுது" என்றான் சபாபதி. வாய் கூசாமல் சொன்னான். அவர் நம்பிவிட்டார்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. இரண்டு வருஷத்தில் பாட்டு எவ்வளவு இறங்கியது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒரேயடியாக இறக்கவில்லை. படிப்படியாக, வாரத்துக்கு ஒரு இழை. அவள் நெஞ்சு எவ்வளவு சுருங்கியதோ அவ்வளவு இவன் பாட்டைச் சுருட்டிக் கொடுத்தான். அவள் ஒரு மேடையில்கூடத் திணறவில்லை. ராத்திரியில் இரண்டு தலையணை வைத்துப் படுக்க ஆரம்பித்தாள், அதைக் குளிர் என்று சொன்னாள். இவனும் குளிர் என்றான். மூன்றாவது தலையணையை இவனே வாங்கி வந்தான். அதை வாங்கும்போது கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதானாம். யாரிடமும் சொல்லாத விஷயம், பின்னால் அவளிடமே சொல்லியிருக்கிறான்.

ஐப்பசி மழையில் பாசி பிடித்த படியில் சபாபதி வழுக்கி விழுந்தான். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டார்கள். அடுத்த வாரம் குன்னூரில் ஒரு கல்யாண வரவேற்பு, முன்பே ஒப்புக்கொண்டது. கொர்னேலியஸ் கோயம்புத்தூரிலிருந்து ஆறுக்குட்டி என்ற டிரம்மரைக் கூட்டி வந்தார். நல்ல வாத்தியக்காரர், தங்கமான மனிதர், மரியாதை தெரிந்தவர். சபாபதி கட்டுப் போட்ட கையோடு மண்டபத்துக்குப் போய் மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்தான்.

"ஏனுங்க, இந்தக் குழுவுல பாட்டு சித்தெ நிதானமாப் போகுமுங்க. கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு வாசிங்க."

"எந்தப் பாட்டுங்கண்ணா?"

"எல்லாப் பாட்டும்."

ஆறுக்குட்டி சிரித்தார். "ரிக்கார்டுல இருக்கற ஸ்பீடுதானுங்கண்ணா எனக்குத் தெரியும். கல்யாண வூட்டுல இழுத்தா ஜனங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. ஏனுங்கண்ணா, எதாச்சும் விசேசமுங்களா?"

பக்கத்தில் கொர்னேலியஸ் ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தார். தபித்தாள் கண்ணாடி முன்னால் பூ வைத்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்குக் கிடைத்த கடைசி சந்தர்ப்பம் அது. அவள் மூச்சு போய்க்கொண்டிருக்கிறது, இரண்டு வருஷமாக நான் மறைத்து வைத்திருக்கிறேன் என்று அங்கேயே உடைத்திருந்தால் பாட்டு நின்றிருக்கும், அவ்வளவுதான். சபாபதி வாயைத் திறந்தான். அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தாள், கைக்கட்டைக் காட்டி, "கெட்ட கையி" என்பது போல் உதட்டைச் சுழித்தாள். "விசேசம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போய் முன்வரிசையில் உட்கார்ந்தான்.

முதல் பாட்டிலேயே அவள் தோள் ஓயாமல் ஏறி இறங்கியது. திரும்பி ஆறுக்குட்டியைப் பார்த்து, கையைத் தாழ்த்தி, மெதுவாக என்று காட்டினாள். அவர் பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். இரண்டாவது பாட்டில் அவள் உதடு வெளுத்தது. சபாபதி நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான். காலைத் தரையில் தட்டித் தட்டி அவன் தன்னுடைய மெதுவான வேகத்தைப் போட்டுக்கொண்டிருந்தான், கீழே உட்கார்ந்து அவன் தட்டுவது மேலே யாருக்குக் கேட்கும்? மாப்பிள்ளை வீட்டார் தபித்தாள் பாட்டைக் கேட்டார்கள். அவள் கழுத்தை நிமிர்த்தினாள். பல்லவியை எடுத்தாள். பாதி வரியில் குரல் அறுந்தது. விட்ட இடத்திலிருந்து பிடித்துவிடலாம் என்று முயன்று முயன்று பார்த்தவள், மைக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். கைக்குட்டையில் ரத்தம் கலந்த கோழை இருந்தது.

கோயம்புத்தூரில் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றாள். அதில் இதயத்தின் வால்வு கெட்டிருக்கிறது, வருஷக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்றார். "எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?"

"இல்லைங்க டாக்டர்" என்றாள் தபித்தாள், பளிச்சென்று. "நான் பாட்டுக்காரி. போன மாசம் வரைக்கும் மேடையில மூணு மணி நேரம் பாடியிருக்கேன். ஒருக்காக்கூட மூச்சு முட்டுனதில்லை. அந்தப் புது டிரம்மருதான் ஓட்டிப்போட்டாரு."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். இவ்வளவு சுருங்கிய வால்வோடு எப்படியம்மா பாடினாய் என்றார். பிறகு சபாபதியைப் பார்த்து, "நீங்களாவது கவனிக்கலையா?" என்றார்.

இரண்டு அடிக்கு நடுவே சும்மா இருக்கத் தெரிந்தவன் என்று பீற்றிக்கொண்டவன், அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் சும்மா இருந்தான் என்பது அவனுக்கே தெரியாது.

"கவனிச்சனுங்க" என்றான். "சேரங்கோட்டுத் திருவிழாவுல இருந்தே தெரியுமுங்க."

தபித்தாள் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்போதே வந்திருந்தால் ஆபரேஷன் செய்து வால்வை விரித்துவிட்டிருக்கலாம், இப்போது நுரையீரலும் கெட்டுவிட்டது, கத்தி வைத்தால் தாங்க மாட்டாள் என்றார். மருந்து தருகிறேன், பாடக் கூடாது, படி ஏறக் கூடாது என்றார். எதை நினைத்துப் பயந்து இரண்டு வருஷம் மறைத்தானோ அதே வார்த்தை, கூடவே அதைவிடப் பெரிய வார்த்தையும்.

மேட்டுப்பாளையம் தாண்டி, பஸ் பர்லியார் வளைவில் ஏறும்போது அவள் வாயைத் திறந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"என்ற மூச்சை என்ற கிட்ட இருந்தே ஒளிச்சு வெச்சுட்டீங்க."

"நீ பாடோணும்னுதான் தபித்தா..."

"நான் எங்கே பாடுனேன்? நீங்கதான் பாடியிருக்கீங்க. நான் வாயை மட்டும் அசைச்சிருக்கேன். குரல் பழுத்திருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே. அசிங்கமா இருக்குதுங்க எனக்கு." பிறகு, "படியில நீங்க நின்னு நின்னு பீடி பத்தவெச்சது?" என்று கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தூ" என்றாள் தபித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவர் அப்படியே பின்னால் போய்விட்டார்.

கொர்னேலியஸுக்கும் எல்லாம் தெரிந்தது. அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "என்ற கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல மாப்ளே" என்று ஒரே ஒருமுறை சொன்னார். அது அடியைவிட மோசமாக இருந்தது. மணிக்கட்டு சரியானதும் சபாபதியையே வாசிக்கக் கூப்பிட்டார். சோற்றுக்கும் மருந்துக்கும் வழி வேண்டுமே. பாட மல்லிகா என்ற கோயம்புத்தூர்ப் பெண் வந்தாள். நல்ல கணீர்க் குரல், பாவம், ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் சபாபதியால் அவளுக்கு வாசிக்க முடியவில்லை. எண்ணி ஆரம்பிக்கும்போது சரியாக ஆரம்பிப்பான், பல்லவி முடிவதற்குள் பாட்டு தபித்தாளின் மூச்சுக்கு இறங்கிவிடும். இரண்டு வருஷம் பழகின கை. மல்லிகா பாட்டுக்கு நடுவே திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். "அண்ணா, கொஞ்சம் தள்ளி விடுங்கண்ணா" என்று கெஞ்சுவாள். குழுவில் முணுமுணுப்புக் கிளம்பியது. பங்குனியில் பைக்காரா மின்வாரியக் காலனிக் கோயில் விழா. அதிலும் இப்படியே என்றால் ஆறுக்குட்டியை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கொர்னேலியஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

தபித்தாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நானும் பைக்காராவுக்கு வர்றேன்" என்றாள். வேண்டாம் என்றார்கள். "பாட வேண்டாம்னாரு. கேக்க வேண்டாம்னா சொன்னாரு?" என்று கேட்டாள். வேனில் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள்.

மத்தியான நிகழ்ச்சி. மேடை பள்ளத்தில், வேன் மேலே ரோட்டில். ஜனங்கள் இரண்டுக்கும் நடுவே இருந்த புல்சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். தபித்தாளுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பாட்டு முடிந்ததும் யாரோ அந்தப் பாட்டைக் கேட்டார்கள், தபித்தாள் பாட்டு. மல்லிகா பெரியவர்களிடம் உத்தரவு கேட்பது போல் தபித்தாளைப் பார்த்தாள். பாடு என்று அவள் கையைக் காட்டினாள்.

சபாபதி குச்சியைத் தட்டி எண்ணினான். சரியான வேகம்தான். மல்லிகா பல்லவியை எடுத்தாள். நாற்காலியில் தபித்தாளின் உதடுகள் கூடவே அசைந்தன. அவளுக்கே தெரியாமல் அசைந்திருக்க வேண்டும். தோள் ஏறியது, மறுபடி ஏறியது. சபாபதியின் கண் மல்லிகாவைத் தாண்டி அந்தத் தோளில் போய் ஒட்டிக்கொண்டது. அப்புறம் சொல்ல வேண்டுமா? கால் தளர்ந்தது, பாட்டு இறங்க ஆரம்பித்தது. மல்லிகா திரும்பினாள். கொர்னேலியஸ் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

தபித்தாளுக்குக் கேட்டுவிட்டது. இத்தனை நாள் கேட்காதது இப்போது கேட்டது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சபாபதியை நேராகப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவனால் நிறுத்த முடியவில்லை. அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். புல்சரிவில் வேனைப் பார்த்து ஏறத் தொடங்கினாள்.

டாக்டர் ஏறக் கூடாது என்ற மேடு. நாலு எட்டு வைத்தாள், நின்றாள். முன்னால் போய் நின்று செருப்பு வாரைச் சரிசெய்ய யாரும் இல்லை. மறுபடி நாலு எட்டு, மறுபடி நின்றாள். சால்வைக்கு அடியில் அந்தத் தோள் ஏறி இறங்குவது மேடையிலிருந்து தெரிந்தது. குச்சியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று அவன் உடம்பெல்லாம் துடித்தது. தன் தோளைப் பார்க்காமல் அவன் வாசிக்கட்டும் என்றுதான் எழுந்து போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஓடினால் அவளை இரண்டாவது முறை ஏமாற்றுவதாக ஆகும். அவன் கண்ணைத் தாழ்த்தி டிரம்மின் தோலைப் பார்த்தான். தோலை மட்டும் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, பாட்டை அதன் சொந்த வேகத்துக்கு ஏற்றினான். மல்லிகாவின் குரல் சரேலென்று விரிந்தது. ஜனங்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். அவன் ஏறெடுத்துப் பார்க்காமல் கடைசி அடிவரை வாசித்து முடித்தான்.

"இன்னைக்குத்தான் மாப்ளே பழையபடி வாசிச்சே" என்றார் கொர்னேலியஸ்.

சபாபதி மேட்டில் ஓடினான். தபித்தாள் வேன் படியில் உட்கார்ந்திருந்தாள். பேச மூச்சு வரவில்லை, கையைக் காட்டி இரு என்றாள். வெகுநேரம் கழித்து, "நெம்ப நல்லா இருந்துச்சுங்க. அதுதான் அந்தப் பாட்டு" என்றாள். பிறகு, "நான் நின்னு நின்னு வந்தனே, பாக்கலைதானே நீங்க?" என்று கேட்டாள்.

"பாக்கலை" என்றான் சபாபதி.

"அப்பச் சரி" என்றாள்.

அந்த ஆடி மழைக்கு முன்னாலேயே தபித்தாள் போய்விட்டாள். சபாபதி வாசிப்பதை நிறுத்தவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ பாடகிகள் வந்தார்கள், போனார்கள். யாருடைய தோளையும் அவன் பார்ப்பதில்லை, குனிந்த தலை நிமிராமல் வாசிப்பான். வேகம் ஒரு இழை கூடாது, ஒரு இழை குறையாது. நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது மேடைக்கு வந்து, கடிகாரம் மாதிரி வாசிக்கிறீங்க என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அவனுக்குக் கோபம் வருவதில்லை. ஆமாங்க என்று சொல்லிவிட்டுக் குச்சியைப் பையில் போடுகிறான்.